வயர்லெஸ் போட வந்தவர்

இப்போதெல்லாம் வீட்டுக் கருவிகள் தாமாகவே இணைந்துகொள்கின்றன. அதைப் பார்க்கும்போது, எங்கள் செம்பாக்கம் வீட்டுக்கு வயர்லெஸ் சரிசெய்ய வந்தவர் நினைவுக்கு வருகிறார். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கம்ப்யூட்டரைத் தொடும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளறையில் என் கணவரின் பழைய கம்ப்யூட்டர். ஹாலில் என் புது லேப்டாப். அதைத் தன்னிடம் கேட்காமல் வாங்கிவிட்டேன் என்று கணவர் என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். கம்ப்யூட்டர்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

வந்தவர் என் அருகே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்.

"சார், அக்கா சிஸ்டம் பேரு அங்க வருதா?"

"வரலப்பா" என்றார் கணவர், உள்ளேயிருந்து.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் சார். அக்காகிட்ட சொல்லுங்க, அவங்க சொல்லுவாங்க."

உள்ளே கணவரின் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு, "வரல" என்று என்னிடம் சொன்னார்.

"இப்ப கேளுங்கக்கா."

"இப்ப வருதா?"

"இல்ல."

இப்படியே வெகுநேரம் கேட்டேன். அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில், "வந்துடுச்சு. உன் லேப்டாப்புல என் போட்டோவா வச்சிருக்க?" என்றார்.

"ஆமா" என்றேன்.

வந்தவர் கிளம்பும்போது வாசலில் நின்று, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "ரொம்ப தேங்க்ஸ்" என்றேன். அவர் தலையில் ஹெல்மெட், வண்டி வேறு உறுமிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்க்கா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.