ஷூ கழற்றிய காட்சி

மெழுகக்காவுக்கு எதையும் இரண்டு தடவை பார்த்தால்தான் மனசு ஆறும். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்குவார், மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று கணவர் சொன்னால் போதாது, திருகைத் தொட்டுப் பார்ப்பார். "உன்னைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான் ஜாமீன்லதான் இருக்கேன்" என்று கணவர் அலுத்துக்கொள்வார்.

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அக்காவுக்கு இருபத்தாறு வருட வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுப்பார்கள். அந்தத் தாடையின் மேல் இளஞ்சிவப்பு மெழுகை ஸ்பிரிட் விளக்கில் இளக்கி ஈறு கட்டுவது அக்காவின் பாடு. அதில் மயிரிழை பிசகினால் முகம் தெரியாத யாரோ ஒருவர் ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருப்பார். ஆகவே சந்தேகத்தில் பாதி தொழில் கொடுத்தது. மீதி 'வெள்ளை நூல்' கொடுத்தது.

'வெள்ளை நூல்' டிவியில் வாரம் ஒரு தடவை வந்த குற்றப் புலனாய்வுத் தொடர். அதில் வரும் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு எந்நேரமும் ஜலதோஷம். துப்பாக்கி எடுக்க மாட்டார், கர்சீப்தான் எடுப்பார். "என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்பார்: "எங்க நின்னு பாத்தீங்க?" பிறகு அந்த இடத்தில் தானே போய் நிற்பார். பாதி வழக்கு அங்கேயே உடைந்துவிடும். குறுக்கே ஒரு சுவர் இருக்கும், அல்லது கதவு வேறு பக்கம் திறக்கும்.

மூன்று வருடம் ஓடி முடிந்த அந்தத் தொடரை முதலிலிருந்து மறுபடி போடப்போவதாக அந்த வாரம் அறிவித்தார்கள். கூடத்தில் சாப்பாட்டு வேளையெல்லாம் அதே பேச்சு. யார் எப்போது பார்க்க ஆரம்பித்தார்கள், எந்தக் காட்சியில் விழுந்தார்கள் என்று பழைய காதலைச் சொல்வதுபோல் சொன்னார்கள்.

அக்கா மட்டும் அந்த வாரம் அதிகம் பேசவில்லை. காரணம், புதன்கிழமை வாளியம்மா வந்திருந்தார்.

கூடத்தைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவர் வாளியம்மா. கையில் எப்போதும் சிவப்பு வாளி, அதனால் அந்தப் பெயர். ஒன்பது வருட வேலைக்குப் பிறகு, இன்றைக்கு ஏழு வருடத்துக்கு முன்னால், திருடி என்று அவரை வெளியே அனுப்பினார்கள். பல்லுக்கு உறை வார்க்கும் தங்கம் வார்ப்பறை அலமாரியிலிருந்து காணாமல் போனது. பீங்கான் பல் சுடுகிறவர் பீங்கான் மாஸ்டர். அவர் அறை வார்ப்பறைக்கு நேர் எதிரே. மாலை ஐந்து மணிக்கு வாளியம்மா அலமாரியைத் திறந்ததைத் தன் மேசையிலிருந்து பார்த்ததாக அவர் எழுதிக்கொடுத்தார். முதலாளி அதோடு விடவில்லை. "அந்த முகத்தப் பாத்தாலே தெரியலையா?" என்றார். முகம் ஒரு தடயமாகிவிட்டால் உலகத்தில் ஏழை முகம் ஒன்றுகூட வெளியே நடமாட முடியாது. பிறகு இன்னொரு தாள் எழுதி, வாளியம்மாவை வார்ப்பறைப் பக்கம் அடிக்கடி பார்த்திருக்கிறோம் என்று மற்ற ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். துடைக்கப் போனவரைத் துடைக்கிற இடத்தில் பார்த்ததற்கு ஏழு சாட்சி. அதில் மூன்றாவது கையெழுத்து மெழுகக்காவுடையது.

அந்த வாளியம்மாவுக்கு இப்போது ஆஸ்பத்திரி ஒன்றில் நிரந்தர வேலை கிடைக்கும்போல் இருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து பொறுப்பான ஒருவர் நடத்தைக்குச் சான்றாகக் கடிதம் தர வேண்டும். செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. முதலாளி அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார். திரும்பும்போது வாளியம்மா மெழுகு அறை ஜன்னலைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்து, அணைந்திருந்த விளக்கைப் பற்றவைக்கிற பாவனையில் இருந்தார்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் பேச்சு ஷூ காட்சிக்கு வந்தது. 'வெள்ளை நூல்' ரசிகர்களுக்கு அது ஒரு பெரிய விஷயம். தொடர் முறையாகத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், மழையால் ஒரு மேட்ச் நின்றுபோக, டிவிக்காரர்கள் இட்டு நிரப்ப எதுவும் இல்லாமல் முதல் பகுதியை முன்னறிவிப்பின்றி மாலை ஐந்து மணிக்குப் போட்டுவிட்டார்கள். அதில், செத்தவர் வீட்டுக்குள் நுழையுமுன் இன்ஸ்பெக்டரம்மா ஷூவைக் கழற்றும் காட்சி ஒன்று இருந்தது. அடுத்த வாரம் முறையாகப் போட்டபோது அதை வெட்டிவிட்டார்கள். பிறகு யார் கண்ணிலும் அது படவில்லை. அன்றைக்கு மட்டும் பார்த்தவர்களுக்கு மற்ற ரசிகர்கள் மத்தியில் ஒரு தனி மரியாதை.

டாக்டர்களிடமிருந்து அச்சுப் பெட்டிகளைக் கொண்டுவருகிற பெட்டிக்காரர் தானும் அதைப் பார்த்ததாக அளந்தார். இன்ஸ்பெக்டரம்மா வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவாராம்.

பீங்கான் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. வேலையில் யார் தப்புச் செய்தாலும் விடுவார், தொடரில் யாராவது தப்பாகச் சொன்னால் விடமாட்டார்.

"செருப்பா? யோவ், அவ போட்டிருந்தது ஷூ. இடது ஷூவ முதல்ல கழட்டி அதுக்குள்ள கர்சீப்பச் சொருகுவா. வலதுல கயிறு முடிச்சு விழுந்துடும். சுவத்தப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நிப்பா பாரு, அதான் நடிப்பு."

அக்காவின் கை பாதியில் நின்றது. மாஸ்டர் வருடா வருடம் சொல்கிற கதை வேறு: மூன்றாவது வாரம் தற்செயலாகப் பார்க்க ஆரம்பித்ததாகத்தான் சொல்வார்.

"நீங்க மூணாவது வாரத்துலேர்ந்துதானே மாஸ்டர்?"

"அது சும்மா சொன்னது. நான் முதல் நாள்லேர்ந்து பாத்தவன்."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"எங்க தெரிஞ்சுது? முகமெல்லாம் ஒரே பச்சை. அவ மூக்கச் சிந்துனா பாசி புடிச்ச குழாய் மாதிரி இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் கூடத்து வரவேற்பறையில் இருந்த டிவியில் நிறம் கெட்டுப்போய், வாழைப்பழம்கூடப் பச்சையாகத்தான் தெரியும். அடுத்த மாதமே அதைத் தூக்கிப் போட்டார்கள்.

ஆனாலும் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் பூட்டு பூட்டியது என்று அக்கா எப்படி நம்புவார்? யாரோ சொன்னதைக் கேட்டுத் தான் பார்த்ததாகச் சொல்லும் ஆட்கள் இல்லையா? மழையில் மேட்ச் நின்ற அன்று அக்காவின் கணவர் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் பகல் வேலை முடித்து வீட்டில் மேட்ச் பார்க்க உட்கார்ந்தவர். மழையைத் திட்டிக்கொண்டே அந்தக் கதையைப் பார்த்தார். மாலை அக்கா வந்ததும் அவர் அதைக் கன்னாபின்னாவென்று சொல்ல, உண்மையில் என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ளவே அக்கா அடுத்த வாரம் டிவி முன்னால் உட்கார்ந்தார். இதுதான் அவர் 'வெள்ளை நூலை'க் கண்டுபிடித்த கதை. வருடா வருடம் சொல்வார். ஆனால் அதே மாலையில் வாசல்படி ஏறும்போதே "கூடத்துல தங்கம் காணாமப் போச்சுங்க" என்று தான் சொல்லிக்கொண்டு வந்ததை மட்டும் விட்டுவிடுவார்.

கணவர் சொன்னதில் ஒன்றை அக்கா கூடத்தில் சொன்னதே இல்லை; அன்று பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை எடுத்தார். "நடுவுல ஏதோ தடங்கல் வந்துச்சாமே மாஸ்டர்?"

"ஆமா ஆமா. கதைய நிறுத்திட்டு மைதானத்தக் காட்டுனான். குடை புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரு குனிஞ்சு தரையத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. அப்புறம் மறுபடியும் கதை."

கணவரும் சரியாக அதைத்தான் சொல்லியிருந்தார், குடை உட்பட.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்குத்தான் மாஸ்டர் தங்கம் காணாமப் போச்சு. அஞ்சு மணிக்கு வாளியம்மா அலமாரியத் திறந்ததப் பாத்தேன்னு எழுதிக் கொடுத்தீங்க. எங்க நின்னு பாத்தீங்க?"

டிவியில் நூறு தடவை கேட்ட கேள்வி அது. அந்த அறையில் யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. மாஸ்டர் டிபன் டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. "கதையக் கதையாப் பாக்கக் கத்துக்கோங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அக்கா வரவேற்பறைக்குப் போனார். டிவி இருந்த மூலைக்கு எதிரே நாற்காலி இன்னும் அதே இடத்தில்தான். அதில் உட்கார்ந்து உள்பக்கம் பார்த்தார். உள்ளே போகும் நடை இரண்டடியில் மடங்கிவிடுகிறது. தெரிந்தது ஒரு காலண்டர். எழுந்து நின்று பார்த்தார். அதே காலண்டர் கொஞ்சம் தாழத் தெரிந்தது. வார்ப்பறையைப் பார்க்க வேண்டுமானால் சுவரைத்தான் தகர்க்க வேண்டும்.

பிளாஸ்டர் கழுவும் தொட்டியருகே மாஸ்டர் அவரை மடக்கினார்.

"நான் எடுக்கல."

"எடுத்தீங்கன்னு நான் சொல்லல. பாக்காததப் பாத்தேன்னு சொன்னீங்க."

அலமாரிச் சாவி அவர் பொறுப்பாம். அன்று முதலாளி வெளியூர். பூட்டாமல் டிவி முன்னால் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாராம். அதைச் சொல்லியிருந்தால் பழி மொத்தமும் தன் தலையில் விடிந்திருக்கும். "எனக்கு ரெண்டு பொண்ணு படிச்சிக்கிட்டிருந்துச்சும்மா" என்றார்.

"அவங்களுக்கும் ஒண்ணு படிச்சிக்கிட்டிருந்துச்சு. வேலை போனதும் நின்னுடுச்சு."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இதை எழுதிக்கொடுப்பீர்களா என்று அக்கா கேட்டார். மாஸ்டர் குழாயை மூடிவிட்டுப் போனார்.

தங்கத்தை எடுத்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. மாஸ்டரே எடுத்திருக்கலாம். அன்று வந்துபோன பத்துப் பேரில் எவரும் எடுத்திருக்கலாம். அக்கா அதைப் பற்றி எதுவும் சொல்ல மறுத்தார். தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதால்தானே இத்தனையும்.

திங்கட்கிழமை முதலாளியிடம் போனார். முதலாளி முழுக்கக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"டிவி பாத்ததெல்லாம் ஒரு ஆதாரமா?"

"பாத்தேன்னு வாயால சொன்னது மட்டும் ஆதாரமா இருந்துச்சே சார்."

முதலாளிக்கு முகம் கறுத்தது. பழசைக் கிளற வேண்டாம், கூடத்து ஆட்கள் யாரும் கடிதம் கிடிதம் என்று கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஐம்பத்திரண்டு வயதில் வேறு இடம் என்பது என்ன என்று அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

மாலை வீட்டில் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கணவர் எதிரே உட்கார்ந்து, குடையைப் பற்றி இன்னொரு தடவை விசாரிக்கப்பட்டார். ஒன்றா இரண்டா, யார் பிடித்திருந்தது. பொறுமையாகப் பதில் சொன்னவர் கடைசியில், "வேலை போயிடுமோ?" என்றார்.

"போகலாம்."

அவர் மேசைவிளக்கைத் தாள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

செவ்வாய் மதியம் அக்கா அரைநாள் விடுப்புப் போட்டு, வாளியம்மா இப்போது வேலை செய்யும் அடுக்குமாடிக் கட்டிடத்துக்குப் போனார். மூன்றாம் மாடிப் படியில் துடைத்துக்கொண்டிருந்தார் வாளியம்மா. வாளி இப்போது நீலம். ஈரப் படியைப் பார்த்ததும் அக்கா செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினார்.

வாளியம்மா வரவேற்கவில்லை. தாளை நீட்டியபோது வாங்கவும் இல்லை.

"யாரு அனுப்புனா?"

யாரும் அனுப்பவில்லை என்றார் அக்கா.

"ஏழு வருஷமா இல்லாத அக்கறை இப்ப எதுக்கு? இதுல என்ன எழுதி வெச்சிருக்கீங்களோ. கொண்டுபோய்க் கொடுத்தா அங்கயும் என்னைப் புடிச்சு உக்கார வைக்கவா?"

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. அக்கா மறுத்துப் பேசவில்லை. மாஸ்டர் சொன்னது, பச்சை டிவி, காலண்டர் எல்லாம் சொன்னார். வாளியம்மா ஆச்சரியப்படவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன், அந்தாளு இடத்துலயே இல்லன்னு. கேக்கத்தான் ஆளில்ல" என்றார். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்திப் படித்தார். ஒன்பது வருடம் நேர்மையாக வேலை செய்தவர் என்று இருந்தது. சாட்சி சொன்னவர் அந்த நேரத்தில் வரவேற்பறையில் இருந்தார், அங்கிருந்து வார்ப்பறை தெரியாது என்று இருந்தது. விரல் கடைசி வரியில் நின்றது.

"அவர் எங்க இருந்தார்னு எழுதியிருக்கீங்க. நீங்க எங்க இருந்தீங்க?"

வாளியம்மா 'வெள்ளை நூல்' பார்த்தவரில்லை. அவர் வீட்டில் டிவியே கிடையாது.

"மெழுகு அறையில. நடைக்கு முதுகக் காட்டிக்கிட்டு."

"என்னத்தப் பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல."

"கையெழுத்துப் போட்டீங்களே."

"போட்டேன்."

"அப்ப அதையும் எழுதுங்க."

அக்கா ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினார்: 'நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்காமலே இவருக்கு எதிராகக் கையெழுத்திட்டேன். அது தவறு.' இப்போது அந்தத் தாள் முதலாளி கைக்குப் போனால் அக்காவுக்கு மறுநாள் வேலை இல்லை என்பதும் அதில் எழுதாமலே எழுதியிருந்தது. வாளியம்மா அதையும் விரல் வைத்துப் படித்தார். நன்றி சொல்லவில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டு, "நீங்களும் கூட வாங்க. தாளு மேல கேள்வி கேட்டா பதில் சொல்ல ஆள் வேணும்" என்றார்.

நாலரை மணிக்கு ஆஸ்பத்திரி அலுவலக ஜன்னலில் தாளை வாங்கிப் படித்த குமாஸ்தா, அக்காவை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விண்ணப்பத்தோடு சேர்த்துத் தைத்து முத்திரை குத்தினார். முத்திரை விழுந்ததா என்று மெழுகக்கா எக்கி இரண்டு தடவை பார்த்தார்.

வாளியம்மா மூன்று தடவை பார்த்தார்.