அண்ணை இழுத்துவிட்ட பிரேக்

நாங்கள் வோன்வாகன் வாங்கியபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகிற அந்தச் சின்ன வீடு, பென்ஷன் எடுத்த ஜெர்மன்காரரின் விளையாட்டு என்பது அவர்கள் நினைப்பு. எனக்கு அது விடுதலையாகத் தெரிந்தது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து கோடை லீவு என்றால் யாரோ ஒரு சொந்தக்காரர் வீடுதான். பாரிஸில் சாமத்தியவீடு, லண்டனில் கலியாணம், சுவிஸில் பிறந்தநாள். போன இடமெல்லாம் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிவிட்டுத் திரும்புவேன். ஒருமுறையாவது நானும் கணவரும் மகளும் மட்டும், யார் வீட்டிலும் படுக்காமல், கடற்கரையில் இருந்துவிட்டு வரவேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் வண்டி எங்களுக்கு வரவில்லை. முதலில் கணவரின் அண்ணையிடம் போனது. ஹனோவரில் இருக்கும் அவர்தான் இவரை ஜெர்மனிக்குக் கூப்பிட்டவர். அதனால் எங்கள் வீட்டுக்குள் எது புதிதாக வந்தாலும் அண்ணை தொட்ட பிறகுதான் நாங்கள் தொடலாம். தொலைக்காட்சியை முதலில் போட்டது அவர். காரை முதலில் ஓட்டியது அவர். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனாலும் மீற ஏலாது. அந்தக் கோடை முழுக்கக் கோயில் கோயிலாகத் தேருக்குப் போனார். தண்ணீர்ப்பந்தலுக்கான அண்டா, சீனி மூட்டை, சர்பத் போத்தல் எல்லாம் எங்கள் கட்டிலில் ஏறிப் பயணம் செய்தன. குளிர் தொடங்கும்போது வண்டியைத் திருப்பித் தந்தார். மெத்தை சர்பத்தில் ஊறிப் பிசுபிசுவென்று ஒட்டியது.

அடுத்த கோடை வந்தது. மகள் பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள். இலையுதிர் காலத்தில் மியூனிக்கில் தாதிக்கான அவுஸ்பில்டுங் படிப்பைத் தொடங்கப்போகிறாள். பீலெஃபெல்டில் இருக்கும் எங்களுக்கு மியூனிக் நாட்டின் மற்ற முனை. அதற்கு முன் எங்கள் மூவருக்கும் ஒன்றாகக் கிடைத்தது ஒரேயொரு கிழமை. நான் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்பவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கிழமை அது.

புறப்படுவதற்கு முன் வண்டியைக் கராஜில் காட்டினோம். பிரேக் கட்டைகள் மொட்டையாகிக் கிடந்தன. பல வருடம் ஓடவேண்டியவை ஒரே கோடையில் தேய்ந்துவிட்டன. கராஜ்காரர் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கார் வேகம் குறைந்தால் வண்டி முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும், வேறு எதுவும் செய்யத் தேவையில்லை. காரோடு கொளுவுகிற இடத்தில் வண்டிக்கென்று இருக்கும் கைப்பிரேக், ஓடும்போது முழுக்கக் கீழே இறங்கியிருக்க வேண்டும். யாரோ அதை இழுத்துவைத்தபடியே ஓட்டியிருக்கிறார்கள் என்றார். யார் என்று எங்களுக்குத் தெரியும். வண்டி பின்னாலிருந்து தள்ளுகிறது, கைப்பிரேக்கை 'டிக்' என்று ஒரு பல் இழுத்துவிட்டால்தான் அடங்கும் என்று அண்ணை கோயில் வீதியில் நாலு பேருக்கு வகுப்பெடுத்ததை நானே கேட்டிருக்கிறேன். புதுக் கட்டை போட்டோம். அண்ணையிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

நாங்கள் வெளிக்கிடும் காலையில் வழியனுப்ப அண்ணையும் மனைவியும் ஹனோவரிலிருந்து வந்து நின்றார்கள். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, எல்லாம் முறையாக நடந்தது. நாங்கள் காரில் ஏறிவிட்டோம். அண்ணை வண்டியைச் சுற்றிவந்தார், கொளுவியிருந்த இடத்தில் குனிந்தார், கைப்பிரேக்கைப் பிடித்து ஒரு பல் மேலே இழுத்தார்.

"இப்ப சரி. பயமில்லாமல் போ," என்றார்.

"ஓம் அண்ணை," என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இஞ்சாருங்கோ, இறங்கி அதைக் கீழ விடுங்கோ."

"அண்ணை பாக்கிறார்."

"பாக்கட்டும். நீங்கள் ஒரு கம்பியை இறக்கினால் வானம் இடிஞ்சு விழுமோ?"

"சும்மா இரு. வழியில நிப்பாட்டி இறக்கி விடுறன்."

வழியிலும் நிறுத்த முடியவில்லை. ஹனோவர் வரைக்கும் எங்களுக்கும் அண்ணைக்கும் ஒரே பாதை. அவர் முன்னால் போய் வழிகாட்டுவதாகச் சொல்லிவிட்டார். வருடக்கணக்காக இங்கே கார் ஓட்டுகிற மனிசனுக்கு வழிகாட்டல்! நாங்கள் ஒதுங்கினால் அவரும் ஒதுங்குவார், இறங்கி வருவார், இவர் கை எங்கே போகிறது என்று பார்ப்பார். ஒவ்வொரு தரிப்பிடப் பலகையும் எங்களைக் கடந்து போனது.

"அப்பா, கராஜில என்ன சொன்னவை எண்டு மறந்து போச்சோ?" என்று பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள்.

"ஹனோவரில பெரியப்பா திரும்பின உடன இறக்குவன்."

"அதுக்குள்ள எரிஞ்சுபோகும், அப்பா."

அவர் அண்ணையின் காருக்குப் பின்னாலேயே ஓட்டினார். கார் ஏற்றங்களில் முக்கி முனகியது. கருகிய நாற்றம் முதலில் என் மூக்குக்குத்தான் வந்தது. பின்னால் வந்த லொறிக்காரன் விளக்கை அடித்து அடித்துக் காட்டினான். கண்ணாடியில் பார்த்தேன். வலப்பக்கச் சில்லிலிருந்து புகை.

ஓட்டோபான் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்றோம். புதுக் கட்டைகள் கருகிப்போயின. அண்ணையும் முன்னால் நிறுத்தி நடந்து வந்தார். சில்லைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"நான் ஒரு பல் இழுத்து விட்டபடியால் தப்பினியள். இல்லாட்டி உது உங்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும்."

அந்த மனிசன் உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. என் கணவர் நம்பவில்லை. நம்பாமலே, "ஓம் அண்ணை," என்றார். இதை அதைவிடவும் மன்னிக்க முடியவில்லை.

இழுவை லொறிக்காரர்கள் வந்து வண்டியைக் கராஜுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் கார் அண்ணையின் காருக்குப் பின்னால் ஹனோவரில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றது.

"கார் நல்லாய்த்தானே இருக்கு," என்றேன் நான். "இப்பிடியே கடலுக்குப் போய் ஒரு அறை எடுத்துத் தங்குவம்."

எனக்குப் பதில் சொன்னது அண்ணை. "இவ்வளவு பெரிய வீடு இருக்கேக்க அறையோ? லீவை இஞ்ச நிண்டு கழியுங்கோ. நாளைக்குக் கொஞ்சச் சனம் சாப்பிட வருது, குசினியில கைக்கு உதவ ஆளும் வேணும்."

"ஓம் அண்ணை," என்றார் இவர்.

மகள் காரின் பின்கதவைத் திறந்து தன் முதுகுப்பையை எடுத்தாள். நீச்சல் உடுப்பும் துவாயும் அதற்குள்தான் இருந்தன. பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை.

"நான் ரயிலில கடலுக்குப் போறன், அம்மா. நீங்களும் வாங்கோவன்."

நான் கணவரைப் பார்த்தேன். கணவர் அண்ணையைப் பார்த்தார்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.