கனகமணி லாட்ஜின் நீளக் கட்டில்கள்

கனகமணி அக்காவின் லாட்ஜ் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மட்டும் நிறையும்; மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவார். திருவேங்கடம் சாலையில் கிரிக்கெட் மைதானம் வந்தபின், வெளியூர் அணி ஒன்று தங்க வந்தது.

மறுநாள் காலை, நெட்டையான பந்துவீச்சாளர் ஒருவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே படியிறங்கினார். இரவெல்லாம் கால்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கினவாம்.

அக்கா பதறிப்போய்த் தச்சர் தங்கப்பழத்தை வரவழைத்தார்.

"அண்ணாச்சி, இவரு தோத்தா நம்ம லாட்ஜ் பேருல்லா கெட்டுரும்! நீளமா கட்டில் செய்யணும்."

"எவ்வளவு நீளம்?"

"அவரையே அளந்துக்கிடுங்க."

பந்துவீச்சாளர் சிரித்துக்கொண்டே வராந்தாவில் படுத்தார். வேடிக்கை பார்த்த மற்ற ஆட்டக்காரர்களும் வரிசையாகப் படுத்துவிட்டார்கள்.

அத்தனை பேருக்கும் நீளக் கட்டில் செய்யத் தங்கப்பழம் புதிதாக இரண்டு பேரை வேலைக்குச் சேர்த்தார். அடுத்த சீசனுக்கு அணி மேலாளரே அறை கேட்டுப் போன் செய்தார்.

"தாராளமா வாங்க. புதுசா யாரும் வளந்திருந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லிருங்க," என்றார் அக்கா.