பேர்கன் பேச்சுக்கு ஒரு வீடு

ஒஸ்லோ டிராமில் உட்கார்ந்து செல்பேசியில் ஒரு மராத்தி நகைச்சுவைப் படம் பார்க்கிறேன். புனேயில் வளர்ந்தவன் நான். அந்த மொழியில் எனக்குச் சீக்கிரம் சிரிப்பு வரும். பக்கத்தில் என் நண்பரின் தங்கை துஷி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு, நோர்வேயின் இன்னொரு நகரமான பேர்கனில் பிறந்தவள். இங்கே வேலை கிடைத்து, வாடகை வீடு தேடுகிறாள்.

"என்ன கதை அண்ணா?"

"வீடில்லாத ஒருத்தனை, வீட்டுக்காரம்மா தன் அண்ணன் மகன்னு நினைச்சு உள்ளே கூட்டிட்டுப் போறாங்க. அவனும் ஆமான்னு பொய் சொல்லிடறான்."

துஷியையும் ஒரு வீட்டுக்காரர் வரச் சொல்லியிருக்கிறார். அவரும் பேர்கன்காரர். தொலைபேசியில் இவளுடைய நோர்வேஜியத்தில் பேர்கன் வட்டாரப் பேச்சைக் கேட்டதும் மனம் குளிர்ந்துபோய், எந்தத் தெரு, எந்தப் பள்ளி என்று விசாரித்தாராம். அவருக்காக மடியில் கறுவாப் பணிஸ், அதாவது பட்டை போட்ட இனிப்பு பன், வைத்திருக்கிறாள்.

அந்த வீட்டு வாசலில் மணியடித்ததும் கதவு திறக்கிறது. அவர் சிரித்தபடி, துஷியைத் தாண்டிப் படிக்கட்டில், தொலைபேசியில் பேசிய பெண்ணைத் தேடுகிறார். அவள் பேர்கன் பேச்சில் ஏதோ சொல்கிறாள். சிரிப்பு அப்படியே இருக்கிறது. கதவுதான் கொஞ்சம் சாத்திக்கொள்கிறது.

"வேறை ஆருக்கோ குடுத்திட்டாராம்." சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவள், நாடாவைத் திரும்பக் கட்டுகிறாள்.

தெருவில் எனக்கு ஒரு பணிஸ் தருகிறாள். இன்னும் சூடு ஆறவில்லை.

"படத்திலை உண்மை தெரிஞ்ச பிறகு என்ன நடக்கும்?"

"வீட்டுக்காரம்மா மன்னிச்சு, இங்கேயே இருன்னு சொல்லிடுவாங்க."

"அவன் பொய் சொன்னவன், மன்னிக்கலாம்," என்கிறாள். "நான் ஒரு பொய்யும் சொல்லேல்லையே."