நொறுக்கி எழுதிய எண்கள்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு நொறுக்கி என்று பெயர். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிற வேலை அப்படி. சொத்தைப் பல்லை அடைக்க மருத்துவர்கள் வைக்கும் பசை, கம்பெனிகளிலிருந்து சின்னச் சின்னக் குழாய்களில் அவர் மேசைக்கு வரும். அதை எஃகு அச்சில் அழுத்தி, ஆரஞ்சு நிறக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தடித்த பேனா மாதிரி இருக்கும் நீல விளக்கை இருபது இருபது விநாடியாக மேலே பிடிப்பார். பசை கல்லாக இறுகிவிடும். தீக்குச்சி அளவுக்கு ஒரு பட்டை கிடைக்கும். உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் அதை ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் இயந்திரத்தில் வைத்து வளைத்து உடைக்க வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம். திரையில் ஓர் எண். எண்பதோ அதற்கு மேலோ வந்தால் தேர்ச்சி, குறைந்தால் தோல்வி.

ஒரு நாளைக்கு முப்பது டிக். இதற்காகத்தான் விழுந்து விழுந்து வேதியியல் படித்தோமா என்று அவரே சில சமயம் நினைத்துக்கொள்வார். ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். மனைவியின் தம்பி அவரைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, "மாமா பல் லைன்ல பெரிய ஆளு" என்பான். உடனே யாராவது ஒருவர் வாயை ஆவென்று திறந்து காட்டுவார். "நான் டாக்டர் இல்லைங்க" என்று சொல்ல ஒரு விநாடி போதும். அதைச் சொல்லாமல், குனிந்து பார்த்து, "ம்... கவனிக்கணும்" என்பார். எதைக் கவனிக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது.

அந்த வருடம் மனைவிக்கு வலது கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தது. தெருமுனையில் இருக்கும் பல் மருத்துவர் சனிக்கிழமை அடைக்கலாம் என்று நேரம் கொடுத்திருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்னால், பச்சை மூடிக் குழாயில் வந்த ஒரு பசை நொறுக்கியின் இயந்திரத்தில் தோற்றது. அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, அறுபத்தைந்து. போதாததற்கு, பக்கத்து அறையிலும் அதே கதை. அங்கே செல் மேடம் என்று எல்லோரும் அழைக்கும் பெண்மணி, கண்ணாடித் தட்டுகளில் உயிருள்ள செல்களை வளர்த்து, நொறுக்கி செய்து தரும் பசை வில்லைகளை அவற்றின் மேல் வைத்துப் பார்ப்பார். பசையிலிருந்து நஞ்சு கசிந்தால் செல்கள் செத்துப்போகும். பச்சை மூடி வில்லையைச் சுற்றி ஒரு செல்கூட மிஞ்சவில்லை.

நொறுக்கிக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு மோசமான பசையை அவர் பிடித்ததில்லை. வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"உன் டாக்டர் எந்தப் பசை வைக்கிறாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? மேசையில பச்சை மூடி போட்ட ஒண்ணு இருந்துச்சு."

"சனிக்கிழமை போகாதே. அது பசை இல்ல, விஷம்."

"வலிக்குதுங்க."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. நான் சொல்றேன்ல?"

அவள் பொறுத்துக்கொண்டாள். இடது பக்கமாக மென்றாள். சூடாக எதையும் குடிக்கவில்லை. நொறுக்கி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் மைத்துனனிடம் சொன்னார், மாடி வீட்டுக்காரரிடம் சொன்னார், முடி வெட்டப் போன இடத்தில் சோப்பு நுரைக்கு நடுவிலிருந்தும் சொன்னார். ஊரைக் காப்பாற்றுகிற நிமிர்வு முதுகில் ஏறியிருந்தது.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. எங்கள் சோதனையில் நூற்றுப் பத்து வருகிறது, தயவுசெய்து மறுபடியும் பாருங்கள், அதுவரை அந்தச் சரக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். நொறுக்கி சிரித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மறுபடியும் செய்தார். அறுபது. அடுத்த வாரம் வேறொரு கம்பெனியின் பசை, பல வருடமாக நூற்றிருபதுக்குக் குறையாத பசை, எழுபத்தொன்றில் உடைந்தது. "இப்பல்லாம் யாருக்குமே தரத்தைப் பத்தி அக்கறை இல்ல" என்று மேலாளரிடம் வருத்தத்தோடு சொன்னார். மூன்றாவது கம்பெனியும் தோற்றபோது அந்த வருத்தத்தில் கொஞ்சம் இனிப்பும் கலந்திருந்தது.

மூன்றாவது வாரக் கடைசியில் செல் மேடம் அவர் மேசைக்கு வந்து நின்றார்.

"அண்ணா, எந்தப் பசை வந்தாலும் என் செல் சாகுது. மூணு கம்பெனியும் ஒரே நேரத்துல கெட்டுப்போச்சா?"

"காலம் அப்படி."

"சரியா இறுகாத பசைதான் இந்த மாதிரி கசியும். பலமும் இருக்காது. உங்க விளக்கு சரியா இருக்கா?"

"தினமும் பார்க்கிறேனே" என்று சுவரில் தொங்கிய தாளைக் காட்டினார். தினமும் காலையில் விளக்கின் வெளிச்சத்தை மீட்டரில் அளந்து எழுத வேண்டிய தாள் அது. ஆயிரத்துக்குக் குறையக் கூடாது. வரிசையாக 1140, 1160, 1150, 1145 என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

"மீட்டரைக் கொடுங்கண்ணா, ஒரு தடவை சேர்ந்து பார்த்துடலாம்."

இழுப்பறையைத் திறக்க நொறுக்கி எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு பட்டைகளை உடைத்திருக்கலாம். மீட்டரின் திரை வெறுமையாக இருந்தது. பின்மூடியைத் திறந்தால், பொத்தான் அளவு பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது.

அது செத்தது அவருக்குத் தெரியாததல்ல. இரண்டு மாதத்துக்கு முன்பே புது பேட்டரி கேட்டு ஸ்டோருக்குச் சீட்டு எழுதியிருந்தார். வரவில்லை. நாளைக்கு வந்துவிடும் என்று அன்றைக்கு ஓர் எண்ணை உத்தேசமாக எழுதினார். மறுநாளும் எழுதினார். ஒரே எண் வந்தால் சந்தேகம் வருமே என்று கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் எழுதினார். போகப்போக அது பழக்கமாகி, காலையில் பல் துலக்குவது போல ஆகிவிட்டது.

செல் மேடம் தாளைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். தன் அறைக்குப் போய், வெப்பமானியிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து போட்டார். பொடியைத் துடைத்ததும் மீட்டர் உயிர் பெற்றது. விளக்கு காட்டிய எண் 390. விளக்கின் முனையைத் திருப்பிப் பார்த்தபோது, பழைய பசை படிந்து, நகப்பூச்சு மாதிரி இறுகியிருந்தது. பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுத்ததும் 1120.

"நீங்களே போய்ச் சொல்லிடுங்கண்ணா. நான் சொன்னா நல்லா இருக்காது."

மதியம் முழுக்க அவர் மனதுக்குள் விதவிதமான வாக்கியங்களைச் செய்து பார்த்தார். 'விளக்கில் எதிர்பாராத பழுது' என்பது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுவரில் அந்தத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. மேலாளரின் அறைக்குள் போனார்.

"எத்தனை நாளா?" என்றார் மேலாளர்.

"நாப்பத்தி மூணு வேலை நாள் சார். முனையில எப்ப படிஞ்சுதுன்னு தெரியாது. அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அத்தனை நாளும் நம்பர் எழுதியிருக்கீங்களே? எங்கிருந்து வந்துச்சு?"

"மனசுல இருந்து சார்."

மேலாளர் சிரிக்கவில்லை. அந்த நாற்பத்து மூன்று நாளில் போன பதினொரு அறிக்கைகளும் திரும்பப் பெறப்பட்டன. அவற்றைப் பெற்ற ஏழு கம்பெனிகளுக்கும் நொறுக்கியே கடிதம் எழுத வேண்டும், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்கு எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று முடிவானது. வேலை போகவில்லையே என்று நிம்மதிப்பட்டார். நிம்மதிப்பட்டதற்காக வெட்கமும் பட்டார்.

வீட்டில் மனைவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பச்சை மூடி... நல்ல பசைதான்."

"என்ன?"

அவர் முழுவதையும் சொன்னார். விளக்கு, பேட்டரி, 1145.

"அப்ப மூணு வாரமா நான் எதுக்குப் பல்லைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன்?"

அவர் முகத்தில் அசடு வழிந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பல் சுரீரென்று வலித்தது. அதில் கோபம் இரண்டு மடங்காகி, அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

மறுநாளே இருவரும் மருத்துவரிடம் போனார்கள். சொத்தை ஆழமாகியிருந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வேரைத் தொட்டிருக்கும். இவ்வளவு நாள் ஏன் வரலை?" என்று கேட்டார் மருத்துவர். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் மனைவி கண்ணாலேயே கணவரைக் காட்டினாள். நொறுக்கி கூரையைப் பார்த்தார். பசையை வைத்துவிட்டு மருத்துவர் நீல விளக்கைக் கையில் எடுத்தார். நொறுக்கி பேசக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார்.

"டாக்டர், அந்த விளக்கை மீட்டர்ல பார்த்தீங்களா?"

நாற்காலியிலிருந்து ஓர் உறுமல் கேட்டது.

"போன மாசம் பார்த்தேன்" என்றார் மருத்துவர். ஒரு கணம் தயங்கினார். பிறகு விளக்கைக் கீழே வைத்து, அலமாரியில் தேடி மீட்டரை எடுத்து அளந்தார். விளக்கு நன்றாகத்தான் இருந்தது. "நீங்க இந்த லைன்லயா சார்?"

"பக்கத்துல" என்றார் நொறுக்கி.

வெளியே வந்ததும், மரத்துப்போன உதட்டோடு மனைவி ஒரே ஒரு கட்டளை போட்டாள். "யார் யார்கிட்ட விஷம்னு சொன்னீங்களோ, அவங்க எல்லாருக்கும் இன்னிக்கே போன் போட்டு இல்லன்னு சொல்லுங்க."

தெருவோரத்தில் நின்றபடியே முதலில் மைத்துனனை அழைத்தார். சுற்றி வளைத்து, தொண்டையைச் செருமி, விஷயத்தைச் சொன்னார்.

"எந்தப் பசை மாமா?" என்றான் மைத்துனன்.

"அதான்டா, பச்சை மூடி. வைக்காதேன்னு சொன்னேனே."

"அதுவா! நீங்க சொன்ன மறுநாளே நான் அதைத்தான் வெச்சு அடைச்சுக்கிட்டேன். சூப்பரா இருக்கு."

மாடி வீட்டுக்காரருக்கு அப்படியொரு பேச்சு நடந்ததாகவே நினைவில்லை. முடி வெட்டுபவர், "ஓ, அப்படிச் சொன்னது நீங்கதானா? நான் அப்பவே மறந்துட்டேன்" என்றார். மூன்று அழைப்பும் முடிந்தபின் நொறுக்கி கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தார். இத்தனை பேரில் அவர் பேச்சை நம்பியவள் அவள் ஒருத்திதான்.

"என்ன சொன்னாங்க?" என்றாள்.

"எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றார். இரண்டடி நடந்தார். பிறகு நின்று, "பொய் சொல்றேன். யாருமே காதுல வாங்கலை" என்றார்.

அவள் பாதி உதட்டால் சிரித்தாள். இந்த முறை வலிக்கவில்லை.