சித்தி பேசியதை எழுதினேன்

ஏழாம் வகுப்புக் காலாண்டு விடுமுறைக்குத் தமிழ் மிஸ் ஒரு கதை எழுதி வரச் சொல்லியிருந்தார். கதையில் வருகிறவர் நல்லவர், கெட்டவர் என்று நாம் சொல்லக் கூடாதாம். அவர் பேசுவதிலேயே தெரிய வேண்டுமாம். செங்கல்பட்டிலிருந்து நெம்மேலிப் பக்கத்துக் குப்பத்தில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனபோது நோட்டையும் எடுத்துப் போனேன். யாரைப் பற்றி எழுதுவது என்பதில் சந்தேகமே இல்லை. சித்தியைப் போல ஓயாமல் பேசுகிறவர் எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் கிடையாது.

போன மறுநாளே விஷயம் கிடைத்தது. முந்தின நாள்தான் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் பெரிய சண்டை. விடியுமுன் கடலுக்குப் போன சித்தப்பா பத்து மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். பன்னிரண்டாகியும் வரவில்லை. மற்ற படகுகளெல்லாம் கரையேறிவிட்டன. காற்று வேறு ஏறிக்கொண்டே இருந்தது. போன் அடித்தால் எடுப்பாரில்லை.

"வரட்டும் அந்த ஆளு, வூட்டுக்குள்ள வுடறனா பாரு" என்றார் சித்தி. எழுதிக்கொண்டேன். கரைக்குப் போனார், வந்தார், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினார், மறுபடி கரைக்கு. "வராட்டி போவட்டும், எனக்கின்னா!" அதையும் எழுதிக்கொண்டேன். எனக்குச் சோறு போட்டவர் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. நோட்டோடு பின்னாலேயே ஓடி ஓடி என் கால்கள் மணலில் வெந்தன. அவர் பேசாத நேரமெல்லாம் எனக்கு வீண் நேரமாகப் பட்டது.

நாலு மணிக்கு, இன்ஜின் நின்றுபோன படகை வேறொரு படகு இழுத்து வந்து சேர்த்தது. இறங்கி வந்த சித்தப்பாவை சித்தி தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இன்னாத்துக்கு வந்த? அங்கியே இருந்துக்கறதுதான?" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார். கதைக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்குமா? எனக்கு ஒரே குஷி.

சித்தப்பா சாப்பிட உட்கார்ந்ததும் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு, "இதெல்லாம் சொல்லிகினு உங்க சித்தி இன்னா பண்ணிகினு இருந்தா பாப்பா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல சித்தப்பா. சும்மா கரைக்கும் வூட்டுக்கும் நடந்துகினே இருந்தாங்க. சாப்புடவும் இல்ல."

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, சித்தி இருந்த அடுப்படிக்குள் போய்விட்டார். உள்ளே வெகுநேரம் பேச்சே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தும் எழுத ஒரு வரி கிடைக்கவில்லை.

பாதியில் எழுந்து போகிற அளவுக்குக் கதை மோசமாகிவிட்டதே என்று அழுகையாக வந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.