தோளில் போட்ட பெல்ட்

அன்னம்மாவுக்கு வடிவேலுவைக் கண்டால் ஆகாது. அவனுக்கும் அப்படித்தான். சிங்கப்பூர் ரோவல் ரோட்டில் மருதப்பனின் மரப்பட்டறையில், இழைப்பு மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று அவன் பலகையைத் தள்ளுவான். இந்தப் பக்கம் நின்று அவள் வாங்கி அடுக்குவாள். நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டிய வேலை. புருஷன் காசநோயில் விழுந்தபின் அவள் வீட்டு அடுப்பு எரிந்ததும் அந்த வேலையால்தான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆயுத பூஜை முடிந்த மறுநாள், பலகைகள் கோணலாக வர ஆரம்பித்தன. கதவுப் பக்க ஓரம் தடித்து, சுவர்ப் பக்க ஓரம் மெலிந்து. பள்ளிக்கூட மேசைக்கான பலகைகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிக்கட்டு மாதிரி நின்றன.

"நான் நேராத்தான் தள்றேன், முதலாளி," என்றான் வடிவேலு. "இவதான் வெளிய வரும்போதே ஒரு பக்கமா இழுக்கிறா. பொம்பளைய மெஷின்கிட்ட நிறுத்தினா வேற எப்படி வரும்லா?"

மருதப்பன் விசாரிக்கவில்லை. "இன்னொரு பலகை இப்படி வந்துச்சுன்னா, நாளைக்கு நீ வர வேணாம், அன்னம்மா."

அவளுக்குக் காரணம் தெரியும். பூஜைக்கு முதல் நாள், தெற்கே பார்த்து நின்ற மெஷின் சாமிக்கு ஆகாது, கிழக்கே திருப்பணும் என்று பிடிவாதம் பிடித்தவன் வடிவேலு. கடப்பாரையை மெஷினின் அடியில் கொடுக்காமல், பலகை ஓடும் மேசையின் கதவுப் பக்க ஓரத்தில் கொடுத்து நெம்பினான். "அண்ணே, மேசையில போடாதீங்க," என்றாள். "சீவல் கூட்டறவளுக்கு இது எதுக்கு?" என்று சிரித்தான். உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். மறுநாள் அதே மேசைமேல் சந்தனம் தடவி, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார்கள்.

இப்போது அவள் அண்ணே என்ற சொல்லை விட்டுவிட்டாள்.

"ஒரே பலகையில ரெண்டு சட்டம் அறுக்கச் சொல்லுங்க, முதலாளி. ஒண்ணு கதவு ஓரமா, ஒண்ணு சுவர் ஓரமா தள்ளட்டும். நான் தொடமாட்டேன்."

சுவரோடு சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சட்டங்கள் தடதடவென்று வந்து சிமெண்டுத் தரையில் விழுந்தன. மருதப்பனே குனிந்து எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தார். கதவு ஓரத்தில் ஓடியது தடியாக இருந்தது. மேலே கத்தி, கீழே மேசை; கதவுப் பக்கம் மேசை இறங்கியிருக்கிறது. யாரும் இழுக்காமலே.

"மெஷின நிறுத்து. சரிபண்ணு," என்றார் வடிவேலுவிடம். "அன்னம்மா, நீ அளவுக்கட்டையப் பிடி."

கத்தி உருளைக்கும் மேசைக்கும் நடுவில் கையை விட வேண்டும். அவன் கீழே படுத்துத் திருகைத் திருப்பும்போது அவள் கட்டையை இரண்டு ஓரத்திலும் நுழைத்துப் பார்க்க வேண்டும். சுவிட்ச் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அன்னம்மா கத்தியைச் சுழற்றும் பெல்ட்டை மோட்டாரிலிருந்து கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"என்ன, மாலையா?"

"உனக்குப் போட இல்ல."

அவன் கீழேயிருந்து கறுவினான். "நான் என்ன, உன் விரல வெட்டிடுவேனா?"

"மேசையத் தூக்கினவன்தான நீ?"

மேசைக்கு அடியில் இரண்டு திருகுகள், இரண்டையும் பிணைக்கும் சங்கிலி. கடப்பாரை நெம்பியதில் சங்கிலி பல் தாண்டியிருந்தது. அவன் சங்கிலியைத் தளர்த்திக் கதவுப் பக்கத் திருகைத் திருப்பினான். அவள் கட்டையை நுழைத்தாள்.

"லூசு."

திருப்பினான்.

"இன்னும் லூசு."

"வேணும்னே சொல்றே!"

"நீயே வந்து பாரு."

அவன் எழுந்து வந்து பார்த்தான். லூசுதான். மறுபடி போய்ப் படுத்தான். கடைசியில் இரண்டு ஓரத்திலும் கட்டை ஒரே மாதிரி பிடித்தது. அவன் நட்டை முறுக்கி, சங்கிலியை மாட்டி, வெளியே வந்தபிறகுதான் அவள் பெல்ட்டை நீட்டினாள். கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் போட்டாள்.

அடுத்த பலகை நேராக வந்தது. "ம், வேலையப் பாருங்க," என்று சொல்லிவிட்டு மருதப்பன் காப்பி குடிக்கப் போய்விட்டார். அன்னம்மாவை நாளைக்கு வர வேண்டாம் என்று அப்புறம் சொல்லவில்லை. அவளைச் சொன்னது தப்பு என்றும் சொல்லவில்லை. வடிவேலு அன்று முழுக்கப் பலகையை அவள் வயிற்றில் இடிக்கிற வேகத்தில் தள்ளினான். அவள் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்று வாங்கினாள்.

அறுபத்தாறில் பட்டறையை மூடும்வரை இருவரும் அப்படித்தான் நின்றார்கள், பேச்சில்லாமல். ஐம்பத்தொன்பதாம் வருஷப் பூஜைக்கு மெஷினை யாரும் அசைக்கவில்லை. மெஷின் சாமி படத்தைப் பார்த்து நிக்கணும் என்று திரும்பவும் கடப்பாரையை எடுத்த வடிவேலுவை மருதப்பன் அதட்டி, சரஸ்வதி படத்தைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டச் சொன்னார். ஆணி அடித்தவனும் அவன்தான். படம் கோணலாகத் தொங்கியது. அன்னம்மா பார்த்தாள், சொல்லவில்லை.